பதினைந்து வாரப் பாடத்தைப் பத்து வாரத்தில் அடைக்கும் நாட்காட்டி குறித்து, கல்லூரி முதல்வருக்கும் கல்விக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

அக்டோபர் 5, 2020

கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் கல்விக் குழு உறுப்பினர்களுக்கும்,

செப்டம்பர் 28, திங்கட்கிழமை இரவு ஒன்பதே முக்கால் மணிக்கு நீங்கள் அனுப்பிய திருத்தப்பட்ட கல்வி நாட்காட்டியை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அக்டோபர் 12-இல் தொடங்கி பிப்ரவரி 5 வரை நடக்கவிருந்த பருவத்தை டிசம்பர் 18-க்குள் முடித்துவிடுவது என்று அதில் அறிவித்திருக்கிறீர்கள். வாரத்துக்கு இரண்டாக இருந்த மாலை வகுப்புகள் மூன்றாகிவிட்டன. தீபாவளி வார இடைவேளை நீக்கப்பட்டிருக்கிறது. கற்பித்தல் பயிற்சிக்கான 120 மணி நேரத்தை நவம்பர் 27-க்குள் முடிக்காதவர்கள் அடுத்த சேர்க்கையினரோடு சேர்ந்து, மீண்டும் கட்டணம் செலுத்தி, அந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். நூலகமும் படிப்பறைகளும் ஆண்டு முடியும்வரை மூடியே இருக்கும். இவ்வளவையும் மாணவர்கள் எவரிடமும் கேட்காமல் முடிவுசெய்து, பருவம் தொடங்க இரண்டே வாரம் இருந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிவித்தீர்கள்.

நான் 33 வயதுப் பாலர் பள்ளித் தமிழாசிரியை. பகலில் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் உள்ள ஒரு மையத்தில் நான்கு வயது முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். மாலையில் உங்கள் கல்லூரியில் பாலர் கல்விப் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டைப் பகுதிநேரமாகப் படிக்கிறேன். எங்கள் வகுப்பில் இருக்கும் 22 பேரும் வேலைக்குப் போகிறவர்கள்; பெரும்பாலோர் வீட்டில் பிள்ளைகளோ வயதான பெற்றோரோ இருக்கிறார்கள். புதிய நாட்காட்டி குறித்து அலுவலகத்துக்கு நாங்கள் அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் கருத்து பதிவுசெய்யப்பட்டது என்ற தானியங்கிப் பதில் மட்டுமே வந்தது. அதனால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். சக மாணவியர் சொன்னவற்றை அவர்களுடைய ஒப்புதலோடுதான் இதில் சேர்த்திருக்கிறேன்.

ஏப்ரல் மாதத்தில் நடந்தவற்றுக்காக உங்களைக் குறைகூற நான் வரவில்லை. ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை மாலை பிரதமர் லீ சியன் லூங் கொவிட்-19 கிருமிப் பரவல் முறியடிப்புத் திட்டத்தை அறிவித்தார்; 7-ஆம் தேதி பெரும்பாலான வேலையிடங்கள் மூடப்பட்டன; 8-ஆம் தேதி பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. மே 4-இல் முடிய வேண்டிய அந்தக் கட்டுப்பாடு ஜூன் 1 வரை நீண்டது. அந்த நாள்களில் எவராலும் ஒழுங்காகத் திட்டமிட்டிருக்க முடியாது. இரண்டு வாரம் வகுப்பே நடக்காமல் போனதையும், பிறகு தொடங்கிய இணைய வகுப்புகள் பாதியில் அறுந்துபோனதையும், ஒரே வாரத்தில் இரண்டு தடவை ஒப்படைப்புத் தேதி மாறியதையும் நாங்கள் பொறுத்துக்கொண்டோம். எங்கள் விரிவுரையாளர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே பாடம் நடத்தியதை நாங்கள் மறக்கவில்லை; அவர்கள்மீது எங்களுக்கு மரியாதை கூடித்தான் இருக்கிறது. ஆனால் இப்போது நடப்பது அக்டோபர். நாடு கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் இரண்டாம் கட்டத்துக்கு வந்து மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது. ஏப்ரலில் அவசரம் ஒரு காரணமாக இருந்தது. செப்டம்பர் 28-ஆம் தேதி முடிவுக்கு அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது.

உங்கள் மின்னஞ்சல் கூறும் காரணம், ஜனவரிச் சேர்க்கையோடு எல்லா வகுப்புகளையும் ஒரே வரிசையில் கொண்டுவருவது என்பது. பதினைந்து வாரம், வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்றால் 90 மணி நேரம். பத்து வாரம், வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் என்றாலும் 90 மணி நேரம்தான். ஆகவே பாடத்தில் எதுவும் குறையவில்லை என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கணக்கு வகுப்பு நேரத்தை மட்டுமே பார்க்கிறது. ஒரு மூன்று மணி நேர வகுப்புக்கு முன்னால் படிக்க வேண்டிய கட்டுரைகளும், பின்னால் எழுத வேண்டிய பிள்ளைக் கவனிப்புக் குறிப்புகளும் சேர்ந்து இன்னொரு மூன்று நான்கு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். அதுவும் ஒன்றரை மடங்காகும் வாரத்தில், காலை ஏழு மணிக்கு மையத்தின் கதவைத் திறப்பவளும் மாலை ஏழு மணிக்கு அதைப் பூட்டுபவளும் அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பாள் என்று உங்கள் குழுவில் எவரேனும் கேட்டார்களா?

என் வாரத்தையே சொல்கிறேன். இதுவரை செவ்வாயும் வியாழனும் வகுப்பு. அந்த இரு நாளும் எனக்குக் காலைப் பணிமுறை கிடைக்கும்படி எங்கள் மையத் தலைவி டிசம்பர் வரைக்குமான பணிப்பட்டியலை அமைத்துக் கொடுத்திருந்தார். இப்போது திங்கள், புதன், வெள்ளி என்று மாற்றிவிட்டீர்கள். இந்த ஆண்டு பணிமுறையை மாற்றிக்கொள்வது முன்பு போல எளிதல்ல. பிள்ளைகளைக் குழுக்குழுவாகப் பிரித்து வைத்திருக்கிறோம், ஒரு குழுவின் ஆசிரியர் இன்னொரு குழுவுக்குள் போகக் கூடாது. திங்களும் புதனும் இணைய வகுப்புதானே என்று நீங்கள் கேட்கலாம். மையம் மூடுவது ஏழு மணிக்கு. வகுப்பு தொடங்குவதும் ஏழு மணிக்கு. கடைசிப் பிள்ளையின் அப்பா வேலை முடிந்து ஓடி வரும்வரை அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நான், கைப்பேசியில் காதொலிக் கருவியைச் செருகிக்கொண்டு, பக்கத்து புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள கல்மேசையில் உட்கார்ந்துதான் உங்கள் வகுப்பில் சேர முடியும். சென்ற பருவத்தில் நான்கு முறை அப்படிச் சேர்ந்திருக்கிறேன். மழை பெய்த ஒரு நாள் விரிவுரையாளரின் குரலே கேட்கவில்லை. இனி அது வாரத்துக்கு இருமுறை என்றாகும்.

இதைவிடக் கடுமையான ஒன்று இருக்கிறது. அதைப் படிக்கும்போது உங்கள் வருகை விதியைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்போது வெள்ளிக்கிழமைக்கு வந்திருக்கும் நேரடி வகுப்புகளுக்குத் தனியாக 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது விதி. பழைய நாட்காட்டியில் 15 நேரடி வகுப்புகள் இருந்தன. மூன்றைத் தவறவிடலாம், அதற்கு மேல் போனால் பருவத்தின் இறுதியில் ஈடுசெய்யும் வாரம் ஒன்று இருந்தது. புதிய நாட்காட்டியில் 10 நேரடி வகுப்புகள். இரண்டுக்கு மேல் தவற முடியாது, ஈடுசெய்யும் வாரமும் கிடையாது. மருத்துவ விடுப்பும் வராத நாளாகவே கணக்கிடப்படும் என்று உங்கள் அலுவலகம் தொலைபேசியில் உறுதிசெய்தது.

பிப்ரவரியிலிருந்து, இருமல் சளி என்று மருந்தகத்துக்குப் போகிறவர்களுக்கு மருத்துவர்கள் ஐந்து நாள் விடுப்பு எழுதித் தருகிறார்கள். அந்த ஐந்து நாள் திங்கள் முதல் வெள்ளிவரை எந்த நாளில் தொடங்கினாலும் அதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை விழுந்தே தீரும். நாங்கள் வேலை செய்வது நான்கு வயதுப் பிள்ளைகளோடு; சளி என்பது எங்கள் தொழிலின் ஒரு பகுதி. ஆகஸ்டில் என் மகனுக்குச் சளி பிடித்தது, மூன்றாம் நாள் எனக்கும் தொண்டை கட்டியது. மருத்துவரிடம் போனேன், ஐந்து நாள் வீட்டில் இருந்தேன். அதே மாதத்தில் இன்னொரு தடவையும் அப்படியே ஆனது. புதிய விதி அப்போது இருந்திருந்தால் எனக்கு இருந்த இரண்டு வாய்ப்பும் ஒரே மாதத்தில் தீர்ந்திருக்கும். மூன்றாவது முறை தொண்டை கரகரக்கும்போது, பாடத்தை இழப்பதா, மருந்தகத்துக்குப் போகாமல் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வகுப்பறையில் வந்து உட்காருவதா என்ற கேள்வி ஒரு மாணவியின் முன்னால் வரும். அவள் வந்து உட்கார்ந்துவிட்டால், மறுநாள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்த 21 பேரும் 21 பேரின் மையங்களுக்குத் திரும்புவார்கள். உடல்வெப்பம் பார்த்து, நுழைவில் பதிவுசெய்து, நாற்காலிகளை ஒரு மீட்டர் தள்ளிப் போட்டு நீங்கள் எடுத்துவரும் எல்லா முயற்சியையும் இந்த ஒரு விதி வீணாக்கிவிடும். ஜூன் 2-இல் பாலர் பள்ளிகள் கட்டம் கட்டமாகத் திறப்பதற்கு முன் எங்களைப் போன்ற பாலர் பள்ளி ஊழியர்களுக்குக் கிருமித்தொற்றுப் பரிசோதனை நடத்தினார்கள். எங்கள் வழியாகப் பிள்ளைகளுக்குத் தொற்று போய்விடக் கூடாது என்பதில் அரசாங்கத்துக்கு இருந்த அக்கறை, பாலர் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரிக்கும் இருக்க வேண்டும்.

அடுத்தது கற்பித்தல் பயிற்சி. மாணவி தான் வேலை செய்யும் மையத்தில் அல்லாமல் வேறொரு மையத்தில் 120 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்று உங்கள் கையேடு சொல்கிறது. சாதாரணக் காலத்தில் அது நல்ல விதி. வேறு பிள்ளைகளை, வேறு ஆசிரியர்களைப் பார்க்கும்போதுதான் நம் பழக்கங்களே நமக்குத் தெரியும். மார்ச்சில் செம்பவாங்கில் ஒரு மையத்தில் எனக்கு இடம் கிடைத்து, அங்கே போய் வகுப்பறையைப் பார்த்துவிட்டும் வந்தேன். அதற்குப் பிறகு நிலைமை மாறியது. ஓர் ஆசிரியர் இரண்டு மையங்களில் காலடி வைப்பதை என் மையமும் அனுமதிக்கவில்லை, அந்த மையமும் அனுமதிக்கவில்லை. இதற்கு முன் வாரத்தில் இரண்டு மூன்று மையங்களுக்குச் சென்று தமிழ் கற்பித்தவர்களே ஒரே மையத்தில் நிறுத்தப்பட்டார்கள். ஜூலையிலிருந்து மூன்று மையங்களுக்கு எழுதிக் கேட்டேன். மூன்றிலிருந்தும் இப்போதைக்கு இயலாது என்ற கடிதங்கள் வந்தன. அவற்றை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். கையேட்டின் நிபந்தனை மாறவில்லை என்று பதில் வந்தது. அந்த நிபந்தனை அப்படியே இருக்க, அதை நிறைவேற்றுவதற்கான கடைசி நாளை மட்டும் பிப்ரவரியிலிருந்து நவம்பர் 27-க்கு முன்னால் இழுத்திருக்கிறீர்கள். எந்த மையமும் கதவு திறக்காத ஓர் ஆண்டில் 120 மணி நேரத்தை ஏழு வாரத்தில் எங்கே போய் முடிப்பது? முடிக்காவிட்டால் அந்தப் பாடத்துக்கு மறுபடியும் 640 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அக்டோபர் 1 முதல் 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திறன் பயிற்சித் திட்டக் கணக்கில் கூடுதலாக 500 வெள்ளி வந்திருக்கிறது. அதைக் கொண்டு கட்டிவிடலாமே என்று அலுவலகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். புதிதாக ஒன்றைக் கற்பதற்காக எனக்குத் தரப்பட்ட தொகை அது. என் தவறில்லாமல் நின்றுபோன ஒன்றுக்கு அபராதம் கட்டுவதற்காக அதைத் தரவில்லை.

மதிப்பீட்டாளர் நேரில் வர முடியாததால் வகுப்பைக் காணொளியாகப் பதிவுசெய்து அனுப்பலாம் என்று இன்னொரு வழி சொன்னீர்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் காணொளி மையத்துக்கு வெளியே போவதைப் பெற்றோர்கள் ஏற்பதில்லை, என் மையமும் ஏற்பதில்லை. அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

இந்த ஆண்டு என் வகுப்பில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காதால் மட்டும் கற்பிக்க முடியாது. நாக்கு எங்கே போய்த் தொடுகிறது, எங்கே தொடாமல் வளைகிறது என்பதைப் பிள்ளை பார்க்க வேண்டும். முகக்கவசம் போட்டுக்கொண்டு "பழம்" என்று சொன்னபோது என் பிள்ளைகள் அனைவரும் "பளம்" என்றே திரும்பச் சொன்னார்கள். கண்ணாடி போன்ற முகத்தடுப்பை அணிந்து பார்த்தேன். தூரத்தில் இருந்த பிள்ளைக்கு விளக்கொளி பட்டுக் கூசியது. பிறகு வீட்டில் என் வாயை மட்டும் அருகிலிருந்து படமெடுத்து, அதை மெதுவாக ஓடவிட்டு, பிள்ளைகளிடம் ஆளுக்கொரு சிறிய கண்ணாடியைக் கொடுத்து, பக்கத்தில் யாருமில்லாத இடைவெளியில் ஒவ்வொருவராக முகக்கவசத்தைக் கழற்றித் தங்கள் நாக்கைத் தாங்களே பார்க்கும்படி செய்தேன். மூன்று வாரம் பிடித்தது. இன்று அந்தப் பிள்ளைகள் "மழை" என்று சொல்வதை நீங்கள் வந்து கேட்கலாம். ஒரு பாலர் பள்ளி ஆசிரியை இந்த ஆண்டு கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் உங்கள் கணக்கில் இந்த மூன்று வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட மதிப்பில்லை, ஏனென்றால் இது என் சொந்த மையத்தில் நடந்தது.

எங்கள் வகுப்பில் ஜோகூரைச் சேர்ந்த ஒரு தோழி படிக்கிறார். மார்ச் 18-இல் மலேசியாவின் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்குவதற்கு முந்தைய இரவு, இரண்டு உடுப்போடு கடற்பாலத்தைக் கடந்து வந்தவர், வேலையை விடாமல் இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் பாட்டியிடம் இருக்கிறார்கள். ஆகஸ்ட் 17 முதல் நடப்புக்கு வந்திருக்கும் ஏற்பாட்டின்படி, இங்கே குறைந்தது மூன்று மாதம் வேலை செய்தவர்கள் விடுப்பில் ஊர் போய்வரலாம். திரும்பி வந்ததும் ஏழு நாள் வீட்டில் தங்கும் உத்தரவு உண்டு. பழைய நாட்காட்டியில் தீபாவளி வாரம் இடைவேளை, மூன்று நேரடி வகுப்புகளைத் தவறவிடவும் இடமிருந்தது. அதை நம்பி அவர் நவம்பரில் விடுப்பு எழுதிக் கொடுத்து, முதலாளியின் ஒப்புதலும் வாங்கிவிட்டார். புதிய நாட்காட்டியின்படி அவர் ஊருக்குப் போனால் வருகையும் போய்விடும், பருவத்தின் நடுவில் வரும் இடைத்தேர்வும் போய்விடும். டிசம்பரில் போகலாமே என்று உங்கள் அலுவலகத்தில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். டிசம்பரில் அவருடைய மையத்தில் வேறு இருவர் விடுப்பில் இருக்கிறார்கள், அவருக்குக் கிடைக்காது. ஏழு மாதமாகப் பிள்ளைகளைக் கைப்பேசித் திரையில் மட்டும் பார்த்துவரும் ஒரு தாயின் விடுப்பு, வகுப்புகளை ஒரே வரிசையில் கொண்டுவருவதற்காகக் கைவிடப்பட வேண்டியதா என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தீபாவளியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நவம்பர் 14, சனிக்கிழமை தீபாவளி. முந்தைய நாள் வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணி முதல் பத்து மணிவரை நேரடி வகுப்பு, திங்கட்கிழமை 16-ஆம் தேதி இரவு இடைத்தேர்வு என்று போட்டிருக்கிறீர்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் நீங்கள் வகுப்பு வைத்ததாக எனக்கு நினைவில்லை, வைக்கவும் கூடாது. அந்தக் கவனத்தைத்தான் நாங்களும் எதிர்பார்க்கிறோம்.

இனி நூலகம். எங்கள் வீடு ஈசூனில் ஒரு மூவறை வீடு. என் கணவர், மாமியார், தொடக்கநிலை மூன்றில் படிக்கும் மகள், ஐந்து வயது மகன், நான் என்று ஐந்து பேர். கணவர் விமான நிலையத்தில் தொழில்நுட்பராக இருக்கிறார். விமானங்கள் நின்றுபோனதிலிருந்து சம்பளம் குறைந்து, இருக்கும் வேலையும் பெரும்பாலும் இரவு முறையாகிவிட்டது. பகலில் அவர் தூங்கும் அறையில் நுழைய முடியாது. மற்றோர் அறையில் மாமியாரும் பிள்ளைகளும். மிஞ்சுவது சமையலறை மேசை. அதுவும் இரவு பத்தரை மணிக்குப் பிறகுதான் காலியாகும். கிருமிப் பரவலுக்கு முன்பு, வகுப்பு நாளில் வேலை முடிந்ததும் நேராகக் கல்லூரிக்கு வந்து, ஏழு மணி வரைக்கும் உங்கள் நூலகத்தின் சன்னலோர மேசையில் உட்காருவேன். முதலாம் ஆண்டின் ஒவ்வொரு கட்டுரையும் அந்த ஒன்றரை மணி நேரங்களில் எழுதியதுதான். எங்களில் பலருக்கு அது புத்தகம் எடுக்கும் இடமாக இருந்ததைவிட, யாரும் கூப்பிடாத ஓர் இடமாக இருந்தது.

ஏப்ரலில் அதை மூடியது சரி. இன்னும் ஏன் மூடியிருக்கிறது என்பதற்குத்தான் விளக்கம் இல்லை. தேசிய நூலக வாரியத்தின் நூலகங்கள் ஜூலை 1 முதல் ஆள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு மீண்டும் இயங்குகின்றன. ஜூலை 10 பொதுத்தேர்தலில் வாக்காளர்களுக்கு இரண்டு மணி நேரப் பிரிவுகள் ஒதுக்கி, கையுறையும் கிருமிநாசினியும் கொடுத்து ஒரு நாடே நேரில் வந்து வாக்களித்தது. ஜூன் 29 முதல் பள்ளி மாணவர்கள் அனைவரும் நாள்தோறும் பள்ளிக்குப் போகிறார்கள். 40 இருக்கைகள் கொண்ட ஒரு வாசிப்பறையில், முன்பதிவு வைத்து 12 பேரை உட்காரவைப்பது இவற்றையெல்லாம்விடக் கடினமான வேலை என்று நான் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அதே கட்டடத்தில், நூலகத்துக்கு அடுத்த வகுப்பறையில் 22 பேரை மூன்று மணி நேரம் உட்காரவைக்கப் போகிறீர்கள் என்பதையும் நினைவூட்டுகிறேன். மூடிய நூலகத்துக்கும் சேர்த்து, இந்தப் பருவக் கட்டணச் சீட்டில் வசதிக் கட்டணம் 210 வெள்ளி குறையாமல் இருக்கிறது.

நேரம் குறைந்தால் எதைக் குறைப்பது என்பதற்கு இந்த ஊரிலேயே முன்மாதிரி உண்டு. ஏப்ரல் 21-இல் கட்டுப்பாடு நீட்டிக்கப்பட்டபோது, ஜூன் விடுமுறையை முன்னுக்கு இழுத்து மே 5-இல் தொடங்கப்போவதாகக் கல்வி அமைச்சு அன்றே சொல்லிவிட்டது. பெற்றோர்களுக்கு இரண்டு வாரம் கிடைத்தது, பிள்ளைகளின் ஓய்வும் பறிபோகவில்லை. பள்ளிகளின் அரையாண்டுத் தேர்வுகளை ரத்துசெய்தார்கள். வழக்கமாக ஆண்டின் கடைசியில் கற்பிக்கப்படும் சில பாடப்பகுதிகளை இவ்வாண்டின் தேசியத் தேர்வுகளிலிருந்தே நீக்கினார்கள். இழந்த வாரங்களைப் பிள்ளைகளின் இரவுகளிலிருந்து வசூலிக்கவில்லை. பாடத்தின் சுமையைக் குறைத்தார்கள். 2003-இல் சார்ஸ் எனும் சுவாசத் தொற்றுநோய் வந்து மார்ச் 27-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது நான் உயர்நிலைப் பள்ளி மாணவி. பள்ளிக்குத் திரும்பியதும் எங்கள் வகுப்பாசிரியர் முதல் வேலையாக மீதமிருந்த பாடங்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதி, எவை கட்டாயம் வேண்டும், எவற்றை விடலாம் என்று எங்களோடு உட்கார்ந்து அடித்துத் திருத்தியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. நான் ஆசிரியையாக வேண்டும் என்று நினைத்ததற்கு அவரும் ஒரு காரணம்.

உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

முதலாவதாக, பருவத்தைப் பழையபடி பிப்ரவரி 5 வரைக்கும் 15 வாரமாக நடத்துங்கள். வகுப்புகளைச் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் திருப்புங்கள். ஜனவரி வரிசை தவிர்க்கவே முடியாதது என்றால், அதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவித்து, 90 மணி நேரப் பாடத்தில் எந்தப் பகுதிகளை இவ்வாண்டு விட்டுவிடலாம் என்பதை விரிவுரையாளர்களோடு கலந்து முடிவுசெய்து, இரண்டு எழுத்து ஒப்படைப்புகளில் ஒன்றையாவது நீக்குங்கள். எப்படியானாலும் நவம்பர் 13 வகுப்பை வேறு நாளுக்கு மாற்றி, இடைத்தேர்வை நவம்பர் 23-ஆம் தேதிக்குப் பின் வையுங்கள்.

கற்பித்தல் பயிற்சியின் 120 மணி நேரத்தையும் மாணவி தன் சொந்த மையத்திலேயே, மையத் தலைவியின் மேற்பார்வையோடும் எழுத்துக் குறிப்புகளோடும் நிறைவேற்ற இவ்வாண்டுக்கு மட்டும் விதிவிலக்கு அளியுங்கள். கடைசி நாளை மார்ச் 31, 2021-க்குத் தள்ளுங்கள். அதற்குள்ளும் முடிக்க இயலாதவர்களிடம் அந்தப் பாடத்துக்கு மறுபடியும் கட்டணம் வாங்காதீர்கள்.

மருத்துவ விடுப்பிலும், தனிமைப்படுத்தும் உத்தரவிலும், வீட்டில் தங்கும் உத்தரவிலும் இருக்கும் நாள்களை வருகைக் கணக்கிலிருந்து விலக்கி வையுங்கள். அந்த வகுப்புகளின் பதிவை ஒரு வாரத்துக்குள் அவர்களுக்குக் கிடைக்கச் செய்யுங்கள். இது ஒன்றையேனும் முதல் வகுப்பு தொடங்குவதற்கு முன் அறிவித்தாக வேண்டும். மற்றவற்றைப் பேசித் தீர்க்க நாள் எடுக்கலாம். இருமலோடு ஒருவர் வகுப்பறைக்குள் வருவதற்குக் காரணமாகும் விதி ஒரு நாள்கூட நீடிக்கக் கூடாது.

நூலகத்தை அக்டோபர் 19 முதல் வார நாள்களில் மாலை ஐந்து மணியிலிருந்தாவது முன்பதிவு முறையில் திறந்துவிடுங்கள். திறக்க இயலாது என்றால் இந்தப் பருவத்தின் வசதிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

இனி நாட்காட்டியில் எந்த மாற்றம் வந்தாலும், அரசாங்கம் புதிய கட்டுப்பாடு அறிவிக்கும் அவசர நேரம் தவிர, நான்கு வார முன்னறிவிப்பு வேண்டும். மாற்றத்தை முடிவுசெய்யும் கூட்டத்தில் பகுதிநேர மாணவர்கள் இருவர் உட்கார வேண்டும். வேலை முறை, பிள்ளைப் பராமரிப்பு, எல்லைக் கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் சுமப்பவர்கள் அந்த அறையில் இருந்திருந்தால், மேலே நான் எழுதியவற்றுள் பாதியை அவர்களே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

அக்டோபர் 9, வெள்ளிக்கிழமைக்குள் எழுத்துப்பூர்வமான பதிலையும், 12-ஆம் தேதிக்கு முன் எங்கள் வகுப்பினரோடு ஒரு மணி நேர இணையச் சந்திப்பையும் எதிர்பார்க்கிறோம். இரவு எட்டு மணிக்கு மேல் எந்த நாளும் எங்களுக்கு ஒத்துவரும்.

இப்படிக்கு,
பகுதிநேரப் பட்டயப் படிப்பு இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர்,
ஈசூன், சிங்கப்பூர்